இரண்டு முழக்கோல்

கல்யாண வீடுகளில் நான் கவனித்து வியப்பது இரண்டு பேரை. ஒருவர் கையில் சிட்டையுடன், "வாழையிலை வந்ததா? நாயனக்காரருக்கு முன்பணம் போயிற்றா?" என்று பறந்துகொண்டிருப்பார். மற்றவர் ஓசையின்றி உலவி, "அடுப்பை அங்கே மூட்டினால் புகை மணப்பந்தலுக்கு வருமே" என்பார். முன்னவருக்குப் பொழுதும் பணமும் கணக்கு. பின்னவருக்கு ஒன்றோடொன்று பொருந்துவதே கணக்கு. இக்காலத்தார் முதலாவதைத் திட்ட மேலாண்மை என்றும், இரண்டாவதை அமைப்புப் பொறியியல் என்றும் தனித்தனியே படிக்கிறார்கள்.

இவ்விருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? ஸ்வீடன் நாட்டு 'வாசா' கப்பலின் கதையைக் கேளுங்கள்.

போலந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த அரசர் குஸ்டாவ் அடால்ஃப், கப்பல் சீக்கிரம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார். தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹைபர்ட்சன் 1627-ல் இறந்துபோனார், வேலை நிற்கவில்லை. பீரங்கிகள் 64 ஏறின. பீரங்கிக்காரருக்குப் பீரங்கிக் கவலை, சிற்பிக்குச் சிற்பக் கவலை. இத்தனையும் சேர்ந்து நீரில் நிமிர்ந்து நிற்குமா என்ற கவலை யாருடையது?

அதைக் கணக்கிடும் வித்தை அன்று இல்லைதான். ஆனால் சோதித்துப் பார்த்தார்கள். மேல்தட்டில் 30 பேரை இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்தில் கப்பல் கவிழ்ந்துவிடும்போல ஆடியது. சோதனையை நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை!

1628 ஆகஸ்டு 10-ந் தேதி, சுமார் 1,300 மீட்டர்தான் போயிருக்கும். காற்றில் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கி வாசல்களில் நீர் புகுந்தது. கரையிலிருந்த ஜனங்களின் கண்ணெதிரே மூழ்கிற்று. சுமார் 30 உயிர்கள் போயின. விசாரணை நடந்தது, தண்டனை எவருக்கும் இல்லை.

1961-ல் வெளியே எடுத்த அக்கப்பலில் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் அடிக்கு 12 அங்குலம், இரண்டில் 11. கப்பல் மூழ்கியது இதனால்தான் என்று சொல்ல மாட்டேன். நாள் குறித்தவர் காதில், ஆட்டத்தைக் கண்டவர் குரல் விழவில்லை. பெரிய கோளாறு அதுதான்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இது அயல் விஷயமல்ல. "வியாழக்கிழமை அத்தியாயம் போயாக வேண்டும்" என்று எனக்குள் ஒருவன் விரட்டுகிறான். "முதல் அத்தியாயத்தில் கண் தெரியாதிருந்த பாட்டி இப்போது கடிதம் படிக்கிறாளே!" என்று மற்றவன் கையைப் பிடிக்கிறான். இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார்த்தி வைப்பதுதான் என் தொழில். அவர்கள் சண்டையிடும் வாரங்களில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். பேசாதிருக்கும் வாரங்களில்தான் பயம்.