குழாயடியில் நின்று கேட்போம்

2018 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் ஒரு பஞ்சாபி தலித் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சுவரில் குரு ரவிதாஸ், பக்கத்தில் பாபாசாகேப். சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கப் போவதில்லை என்று தெரசா மே அரசு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோபத்தோடு கேட்டேன்: "இந்த நாட்டில் நமக்கு நல்லது செய்த ஆட்சி எது?" ஒரே பதில்தான் வரும் என்று நினைத்தேன்.

"லேபர்தான்" என்றார் தாத்தா. 1964-ல் வந்து, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் உழைத்தவர். 1968-ல் குடியேறிகளுக்கு எதிராக வெறுப்பைக் கக்கிப் பேசிய ஈனக் பவல் இந்த ஊர் எம்.பி. அதே ஆண்டில்தான், நிறத்தையும் இனத்தையும் காட்டி வீடோ வேலையோ மறுக்கக் கூடாது என்று வில்சனின் லேபர் அரசு சட்டம் போட்டது. அன்றிலிருந்து தாத்தா ஓட்டு மாற்றிப் போட்டதில்லை.

மகன் விடவில்லை. "கென்யாவில் இருந்து வந்த ஆசியர்களுக்கு அதே வருஷம் கதவைச் சாத்தியதும் அதே வில்சன்தானே அப்பா? நாம இப்ப உட்கார்ந்திருக்கிற வீட்டைக் கொடுத்தது தாட்சர்." 1980 சட்டப்படி, கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் பெரிய தள்ளுபடியில் அந்த வீட்டையே வாங்கலாம். அப்பாவைச் சம்மதிக்க வைத்து, தவணை கட்டியது இவர்.

தோழர்களே, மனதுக்குள் அவருக்கு நான் 'துரோகி' என்று பட்டம் கட்டிவிட்டேன். சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை நசுக்கிய தாட்சரை ஒரு தலித் புகழலாமா? அவர் அடுத்து சொன்னதுதான் என் வாயை அடைத்தது. 1900-ல் பஞ்சாபில் பிரிட்டிஷார் ஒரு நிலச் சட்டம் போட்டார்கள். விவசாயச் சாதிகள் என்று அரசு பட்டியலிட்டவர்களின் நிலத்தை மற்றவர்கள் விலைக்கு வாங்க முடியாது. அந்தப் பட்டியலில் தலித்துகள் இல்லை. "என் தாத்தாவிடம் காசு இருந்திருந்தாலும் வயல் வாங்க முடியாது. எங்கள் பெயரில் வந்த முதல் பத்திரம் இந்த வீட்டுக்குத்தான்."

பேத்தி மருத்துவமனையில் செவிலியர். "வித்த வீட்டுக்குப் பதிலா போதுமான வீடு கட்டலையே அப்பா. என் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகுது" என்றாள். இரண்டு கட்சி மீதும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. சாதியைச் சேர்க்கலாம் என்று மட்டும் 2010-ல் எழுதி வைத்தது லேபர். சேர்த்தே ஆகவேண்டும் என்று 2013-ல் நாடாளுமன்றம் சொன்னது. சில இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2018-ல், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவியது கன்சர்வேடிவ் அரசு.

அப்போதுதான் தாத்தா அந்தக் கதையைச் சொன்னார். பவுண்டரியில் குடிக்க ஒரே குழாய். அவர் குடித்துவிட்டு நகர்ந்தால், நம் நாட்டு மேல்சாதிக்காரர்கள் குழாயைக் கழுவிவிட்டுத்தான் குடிப்பார்கள். "வெள்ளைக்காரன் ஒதுக்கினால் சொல்ல ஒரு சட்டம் இருந்தது. இவர்கள் ஒதுக்கியதை யாரிடம் போய்ச் சொல்வேன்?" லேபர் மீது உயிரையே வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. மகனும் பேத்தியும் பேசவில்லை. மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றது அந்த நிமிடம்தான்.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பாபாசாகேப் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். உங்கள் ஆட்சிக்கு முன்பு ஊர்க் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. இத்தனை காலம் ஆண்டபிறகு அந்தக் கிணற்று உரிமையை வாங்கித் தந்தீர்களா என்று பிரிட்டிஷ் அரசின் முகத்துக்கு நேரே கேட்டார்.

ஒரு ஆட்சி வீடு கொடுத்திருக்கலாம், இன்னொன்று வேலைக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கலாம். வாங்கியவர்கள் நன்றியோடு இருப்பதில் தவறில்லை. நம் மக்கள் வேறு வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டால் உடனே துரோகி என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் வீட்டுக் கதையை முதலில் கேளுங்கள். நான் கேட்காமலே தீர்ப்பு எழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் எந்த ஆட்சியாக இருந்தாலும், குழாயடியில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள்.

ஜெய்பீம்.