கொல்லிமலைச் சாமையும் பிள்ளைகள் தட்டும்

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே மிளகு, காபி, பலா, சரிவுகளில் மரவள்ளி. ஒரு காலத்தில் அந்தச் சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகுதான் அதிகம்.

சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுத்தன; சாமை ஒதுங்கியது. இன்னொரு காரணம், உரல். சாமையின் உமி லேசில் போகாது. காட்டு வேலை முடித்து வந்த பெண்கள் ஒருவேளைச் சோற்றுக்காக வெகுநேரம் உலக்கை போட்டார்கள். ரேஷன் அரிசி வந்ததும் பிள்ளைகள் தட்டு வெள்ளையானது. 'பிள்ளைகளுக்குச் சிறுதானியம் பிடிக்காது' என்பதெல்லாம் பிறகு வந்த பேச்சு.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு மலைக் கிராமங்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. உலக்கை வேலை குறைந்தது.

சமவெளியில் இருக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. சாப்பிடாத பிள்ளையைத் திட்டும் முன், சமைப்பவரின் சுமையைக் குறைக்க வேண்டும். வேலியோரம் ஒரு முருங்கை இருந்தால் போதும். கேழ்வரகு மாவில் கீரையைப் பிசைந்து, எண்ணெய் விட்டு அடை தட்டுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். கூடவே ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும்.

விற்பதற்குக் கிழங்கு இருக்கட்டும். வீட்டுக்கென்று கால் ஏக்கர் சாமையும் இருக்கட்டும். உமி நீக்கும் மில் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விதையுங்கள்.