பதினோரு வரிகள்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். அங்கே வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணினி நிர்வாகியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் குடியிருப்பு, கம்பெனிப் பேருந்தில் போக்குவரத்து. இலக்கியம் பேசும் நண்பர்களிடையே இதைச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் எழுதுவது, எழுதாமல் விடுவது என்பவற்றைப் பற்றியதுதான் இக்கட்டுரையும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தின் மீதும் பார்கோடு லேபிள் ஒட்டப்பட்டாக வேண்டும். லேபிள் இல்லாத பாகத்தைக் கார்த் தொழிற்சாலை ஏற்றுக்கொள்ளாது. அங்கே இருப்பு வைப்பதும் குறைவு. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் வரிசையில் லாரி போய்ச் சேர வேண்டும். லேபிள் அச்சிடும் மென்பொருளோ, ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு சிறு பதிவுக் கோப்பைச் சர்வரில் எழுதிவைக்கும். சில நாட்கள் கவனிக்காமல் விட்டால் வட்டு நிரம்பிவிடும், அச்சும் நின்றுவிடும். ஆகவே தினமும் காலையில் பழைய கோப்புகளை நானே அழித்துவந்தேன். பத்து நிமிட வேலை. இரண்டு ஆண்டுகள் செய்தேன். எங்கும் எழுதி வைக்கவில்லை.

2009ஆம் ஆண்டு ஐப்பசியில் அப்பாவைக் கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நான் ஊருக்குப் போய் ஐந்தாம் நாள் இரவு, கைப்பேசி அடித்தது.

"அண்ணே, லேபிள் வரல. லைன் நிக்குது. லாரி வாசல்ல நிக்குது."

பணிக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன தம்பி. சர்வரில் அந்த அடைவைத் திறக்கச் சொன்னேன். உள்ளே லட்சக்கணக்கான கோப்புகள். திறந்ததும் திரை உறைந்துவிட்டது. கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, கட்டளையை எழுத்தெழுத்தாக ஒப்பித்தேன். அவன் ஒரு எழுத்தை மாற்றி அடித்திருந்தால் வேறெதுவோ அழிந்திருக்கும். ஒவ்வொரு வரியையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு லேபிள் வந்தது.

அந்த நாற்பது நிமிடங்களில் அப்பா கண்விழித்து என்னைக் கேட்டிருக்கிறார். அம்மா சொல்லித்தான் அறிந்தேன். விடியற்காலையில் அவருக்கு நினைவு தப்பியது, பிறகு திரும்பவில்லை.

இதற்காக நான் நிறுவனத்தையோ அந்தத் தம்பியையோ நொந்துகொள்ளவில்லை. எழுதி வைக்காதவன் நான். காரியம் முடிந்து பணிக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பதினோரு வரிகள். ஏழு நாட்களுக்கு மேற்பட்ட கோப்புகளைத் தேடு; அவற்றை அழி; எத்தனை அழித்தாய் என்று ஒரு கோப்பில் குறித்துவை; வட்டில் இடம் குறைவாயிருந்தால் மின்னஞ்சல் அனுப்பு. இதைத் தினமும் அதிகாலை நான்கு மணிக்கு ஓடும்படி சர்வரின் பணி அட்டவணையில் சேர்த்தேன். ஒரு பிற்பகலில் முடிந்த வேலை. இரண்டு ஆண்டுகளாக ஏன் செய்யவில்லை?

நேரமில்லை என்பது வழக்கமான பதில், அது உண்மையல்ல. நான் இல்லாவிட்டால் ஓடாது என்பதில் எனக்கு ஒரு ரகசிய மகிழ்ச்சி இருந்தது. அதனடியில் ஓர் அச்சமும் இருந்தது. தம்பியே பின்னொரு நாள் கேட்டான்: "எல்லாத்தையும் ஸ்கிரிப்டா எழுதிட்டா அப்புறம் நாம எதுக்குண்ணே?"

நகையாடிவிடக்கூடிய கேள்வியன்று. 2006இல் திறக்கப்பட்ட நோக்கியா தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டதைக் கண்ட வட்டாரம் இது. இங்கே வேலை போகும் அச்சம் கற்பனையல்ல. ஆனால் நான் கண்டவரையில், அழிக்கும் வேலையை ஸ்கிரிப்ட் எடுத்துக்கொண்டபின் வட்டு ஏன் நிரம்புகிறது என்று பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது. காப்புப் பிரதிகளை உண்மையிலேயே மீட்டெடுத்துச் சோதிக்க நேரம் கிடைத்தது. முன்பு அவற்றுக்கெல்லாம் 'அடுத்த வாரம்' என்று நாள் குறித்திருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் அவதரித்த ஊர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, யாருக்கும் சொல்லலாகாது என்ற ஆணையையும் மீறி, கோவிலின் மீதேறி அனைவருக்கும் அவர் அறிவித்தார் என்பது குருபரம்பரைக் கதை. பேருந்து அவர் கோவில் இருக்கும் ஊரிலிருந்து தினமும் புறப்படும். எனக்கு அக்கதை தெரியும். ஆனாலும் ஒரு வட்டைச் சுத்தம் செய்யும் வித்தையை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

இந்தக் கலை ஒன்றும் புதிதல்ல. பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய யூனிக்ஸில், 1973இல் டக் மெக்கில்ராயின் யோசனைப்படி 'பைப்' சேர்ந்தது. ஒரு சிறு கருவியின் வெளியீடு அடுத்த கருவிக்கு உள்ளீடு ஆகும்; சிறு கட்டளைகளைக் கோத்துப் பெரிய வேலையைச் செய்யலாம். விண்டோஸ் உலகிலோ சுட்டியால் சொடுக்குவதே நிர்வாகம் என்று பலர் நம்பியிருந்தோம். ஜெஃப்ரி ஸ்னோவர் 2002இல் எழுதிய அறிக்கையிலிருந்து வளர்ந்த பவர்ஷெல் 2006இல் வெளிவந்தது. 2016இல் திறமூலமாகி லினக்ஸிலும் ஓடத் தொடங்கியது. நூறு கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்ய நூறு முறை சொடுக்கினால், எழுபதாவதில் கை தவறும். எங்கே தவறியது என்பதற்குச் சுவடும் இராது. எழுதப்பட்ட கட்டளையை நாளை வேறொருவர் படிக்கலாம், திருத்தலாம்.

ஆனால் கை ஒரு கணினியில் செய்யும் பிழையை ஸ்கிரிப்ட் நூற்றிலும் செய்யும். என் இரண்டாவது ஸ்கிரிப்ட், அடைவின் பெயரைத் தவறாக எழுதியதால், லேபிள்களின் மாதிரி வடிவங்களையே அழித்துவிட்டது. காப்பு நாடாவிலிருந்து மீட்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து எதையும் அழிக்குமுன், அழிக்கவிருப்பவற்றின் பட்டியலை மட்டும் அச்சிட்டுப் பார்ப்பேன். பவர்ஷெல்லின் பல கட்டளைகளில் இதற்கென்றே 'வாட்-இஃப்' என்றொரு சொல் உண்டு. 'செய்தால் என்ன ஆகும்?' என்று கேட்டுவிட்டுச் செய்வது கணினிக்கு வெளியேயும் நல்ல வழக்கம்தான்.

இன்று கேட்டமாத்திரத்தில் ஸ்கிரிப்ட் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அது தருவதை ஓடவிடுமுன் வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமே. அதற்காகவேனும் கற்கத்தான் வேண்டும். எப்படித் தொடங்குவது என்று கேட்கும் இளையோரிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே வேலையை மூன்றாம் முறை செய்கிறீர்களா, முதலில் அதைத் தமிழில் படிப்படியாக எழுதுங்கள். பிறகு கட்டளையாக்குங்கள்.

அந்தத் தம்பி இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குழுவுக்குத் தலைவன். சென்ற ஆண்டு தன் ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்பியிருந்தான். என் பதினோரு வரிகள் அறுபதாக வளர்ந்திருந்தன. முதல் வரி மட்டும் நான் எழுதியபடியே இருந்தது. கணினி படிக்காமல் கடந்துபோகும் குறிப்பு வரி அது: 'நான் ஊரில் இல்லாதபோதும் இது ஓட வேண்டும்.'