பட்டன் மாளிகையின் கடைசி நத்தார்

டிசம்பர் 24, 2023, ஞாயிறு. ஈஸ்ட்ஹாம், லண்டன்.

நாளைக்கு ‘கோஸ்ட்ஸ்’ முடிகிறது. 2019 ஏப்ரலில் பிபிசி ஒன்றில் தொடங்கிய தொடர். நாங்கள் ஒரு வருடம் பிந்தித்தான் சேர்ந்தோம். 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது மகன் போட்டுவிட்டான். அம்மாவுக்குப் பேய்க்கதை ஆகாது. “விளக்கு வைக்கிற நேரத்தில உதுகளைப் போடாதேங்கோ” என்றா. மூன்றாவது அத்தியாயத்துக்குப் பிறகு அவவே நேரம் பார்த்துச் சோபாவில் வந்து இருக்கத் தொடங்கினா.

அலிசன் என்ற இளம்பெண்ணுக்குத் தூரத்து உறவுவழியில் பட்டன் மாளிகை என்ற ஒரு பாழடைந்த வீடு கிடைக்கிறது. கணவன் மைக்கோடு குடிபோகிறாள். ஜன்னலால் விழுந்து, இரண்டு வாரம் நினைவில்லாமல் கிடந்து எழும்பினால், அந்த வளவில் செத்த எல்லாரும் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார்கள். கற்கால மனிதன் ரொபின், சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட மேரி, காதல் முற்றிய கவிஞன் தோமஸ், தலை ஓரிடம் உடல் ஓரிடமாக அலையும் ஹம்ப்ரி. எந்தக் கோலத்தில் உயிர் போனதோ அதே கோலம்தான் என்றைக்கும். வளவின் எல்லையைத் தாண்ட முடியாது.

அம்மாவைப் பிடித்துக்கொண்டது பாட் என்ற பேயின் கதை. சாரணர் முகாமில் பையன் ஒருவன் விட்ட அம்பு கழுத்தில் தைத்து 1984இல் செத்தவர். அவருடைய குடும்பம் வருடா வருடம் அவர் செத்த நாளில் அந்த இடத்துக்கு வந்து நிற்கும். அவரும் பக்கத்திலேயே நிற்பார். அவர்களுக்குத் தெரியாது. அந்த அத்தியாயம் முடிந்ததும் அம்மா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, வெகுநேரம் கழித்துக் கேட்டா: “அப்ப, திவசத்துக்கு நாங்கள் படைக்கிறது கொப்பருக்குத் தெரியும், என்ன?”

தெரியும் அம்மா என்றேன்.

டிசம்பர் 25, திங்கள்.

நத்தார் நாளில் லண்டனில் ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை. தெரு செத்துக் கிடந்தது. திருவெம்பாவைக் காலம் என்பதால் அம்மா வெள்ளனவே எழும்பிக் குளித்து, சாமியறையில் பாடினா. மாலையில் நாங்கள் நாலு பேரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம்.

பார்த்து முடித்து இரண்டு மணி நேரமாகிறது. இன்னும் நெஞ்சு கனக்கிறது.

அலிசனின் குழந்தை மியா பிறந்துவிட்டாள். உதவிக்கு மைக்கின் தாய் வந்து நிற்கிறா. இந்தப் பகுதி அவசரமாக ஓடியது, எனக்கு ஒட்டவில்லை. ஆனால் பிறகு வந்தது வேறு. ஒருபக்கம் கைக்குழந்தை, மறுபக்கம் ஓயாமல் கூப்பிடும் பேய்கள். நடுவில் கிடந்து அல்லாடுகிறாள் அலிசன். அதைக் கண்ட பேய்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகின்றன. அவளைக் கூப்பிட்டு, வீட்டைக் கொடுத்துவிட்டுப் போ என்கின்றன. அவள் போனால் தங்களோடு பேச உலகத்தில் ஒரு சீவன் இல்லை என்று தெரிந்துகொண்டே சொல்கின்றன.

கடைசிக் காட்சியில் வருடங்கள் கழிந்துவிட்டன. வீடு ஹோட்டலாகிவிட்டது. தலை நரைத்த அலிசனும் மைக்கும் நத்தாருக்கு வருகிறார்கள். பேய்களில் ஒருவருக்கும் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன்.

டிசம்பர் 26, செவ்வாய்.

மகனுக்குக் கோபம் தீரவில்லை. ஐந்து வருடம் கூடிவாழ்ந்தவர்களைக் கடைசி அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டார்கள் என்கிறான். மேரி இடையில் மேலுலகம் போய்விட்ட மாதிரி மற்ற எல்லாரும் போயிருக்க வேண்டுமாம். யார் எப்போது போவார்கள், ஏன் போவார்கள் என்று கடைசிவரை சொல்லாததும் அவனுக்குக் குறை.

எனக்கு அது குறையில்லை. தொண்ணூறுகளில் வந்த ‘மர்மதேசம் – விடாது கருப்பு’வை நான் இங்கே வீடியோ கொப்பி எடுத்துப் பார்த்தேன். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகாவின் இயக்கம். குதிரையில் வரும் கருப்பு யார் என்பதுதான் அந்தத் தொடரின் உயிர். விடை மனித மனத்தின் பிளவில் கிடைத்தபோது கதை நிறைவாக முடிந்தது. ‘கோஸ்ட்ஸ்’ அப்படிப் புதிர் போட்ட தொடர் இல்லை. இதில் கேட்கப்பட்டது ஒரு வீட்டில் யார் இருப்பது, யார் போவது என்பதுதான். அதற்கு விடை சொல்லிவிட்டார்கள்.

போன ஒக்டோபரில் வந்த ஐந்தாம் பருவத்தில் கப்டன் என்ற பேயின் அத்தியாயமும் இப்படி நெஞ்சைக் கனக்கவைத்ததுதான். இரண்டாம் உலகப் போர்க்கால அதிகாரி. சக அதிகாரி ஹேவர்ஸ் மேல் வைத்திருந்த அன்பை வாய்விட்டுச் சொல்லாமலே செத்துப்போன மனிதர். பென் வில்பொண்ட் அதில் நடித்த நடிப்புக்கு ஈடாக நான் இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் வேறொன்றைக் காணவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மா வாய் திறந்தா. “அதுகள் சொன்னது சரி பிள்ளை. சின்னஞ்சிறுசுகள் போகத்தான் வேணும்.”

பிறகு நான் கேட்காமலே அம்மம்மாவைப் பற்றிச் சொன்னா. 1990இல் போரால் யாழ்ப்பாணத்து மயிலிட்டியை விட்டு எழும்பி, மல்லாகத்தில் ஒண்டியிருந்தோம். லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று அம்மம்மா படலைவரை வந்தா. “திரும்பிப் பாராமல் போங்கோ” என்றா. நாங்கள் பார்க்கவில்லை. அவ செத்தபோது எங்களால் போக முடியவில்லை. 2017இல் மயிலிட்டியில் இராணுவம் பிடித்திருந்த காணிகளை விட்டபோது அம்மா போய்ப் பார்த்தா. வீடு இல்லை, கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. அந்தக் கட்டில் இருந்து அவ என்ன யோசித்தா என்று இத்தனை வருடம் நான் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன்.

“கொம்மம்மா கிணத்தடியில நிண்டிருப்பா. எனக்குத்தான் கண் தெரியேல்லை.”

டிசம்பர் 28, வியாழன்.

நேற்றுத் திருவாதிரை. முருகன் கோயிலுக்குப் போய்வந்து அம்மா களைத்துப்போனா.

தொடரில் பட்டன் மாளிகையாக வந்தது சரேயில் உள்ள வெஸ்ட் ஹோர்ஸ்லி பிளேஸ் என்ற பழைய வீடு. தொலைக்காட்சி வினாவிடைப் போட்டியால் புகழ்பெற்ற பாம்பர் காஸ்கோயினுக்கு 2014இல் அவருடைய பாட்டியின் சகோதரி வழியாக அது வந்துசேர்ந்தது, அலிசனுக்கு வந்த மாதிரியே. வெயில் வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடரை இன்னும் பார்க்காதவர்களுக்கு: மொத்தம் 34 அத்தியாயங்கள், பெரும்பாலும் அரை மணி நேரம். முதலிலிருந்து பாருங்கள், வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள்.