வெருகலை விட்டுவிட்ட பைதன்



வெள்ளம் வடிந்து நாளாகிவிட்டது. ஆனாலும் எங்கள் பிழை ஒன்றை எழுதி வைக்காமல் விட மனமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையோடு மாவிலாற்றுக் கட்டு உடைந்தபோது மூதூர் தொடக்கம் வெருகல் வரை பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த நாட்களில் நாங்கள் சில ஆசிரியர்களும் உயர்தரப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் தேவைகளைத் திரட்டினோம். பால்மா, பாய், மருந்து என்று இரவு பகலாகச் செய்தி வந்து குவிந்தது. ஊர் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால்தான் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு வசதி.

அந்தக் குரூப்பின் செய்திகள் முழுவதையும் ஒரே உரைக் கோப்பாக இறக்கலாம். பைதனில் கோப்பைத் திற, வரி வரியாக வாசி, ஊர்ப் பெயர் இருக்கும் வரியை மட்டும் அச்சிடு. நாலே வரிச் செய்நிரல். வகுப்பில் எத்தனையோ தரம் செய்து காட்டியதுதானே என்று நினைத்தோம்.

முதல் ஓட்டத்திலேயே பிழைச் செய்தி. கோப்பு யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் விண்டோஸ் மடிக்கணினியோ அதைப் பழைய ஆங்கில எழுத்து அட்டவணையை வைத்து வாசிக்கப் பார்த்தது. தமிழ்ப் புள்ளி கோப்பில் மூன்று பைட்டுகளாகக் கிடக்கும். அதில் கடைசி பைட்டுக்கு அந்த அட்டவணையில் இடமே கிடையாது. புள்ளியைக் கண்டதும் பைதன் நின்றுவிட்டது. திறக்கும்போதே 'என்கோடிங் யூடிஎஃப்-8' என்று சொன்னோம், சரியாகிவிட்டது. இது நல்ல பிழை. நின்று கத்துகிற பிழையை யாரும் தவறவிட முடியாது.

அடுத்தது கத்தவில்லை.

'வெருகல்' என்று தேடினோம். சில வரிகள் வந்தன. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. பட்டியலை அனுப்பிவிட்டோம். இரவு ஒரு மாணவி தன் போனில் குரூப்பை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சேர், இது நம்ம பட்டியல்ல இல்லையே" என்றாள். செய்தி இதுதான்: "வெருகலில ஒரு அம்மாக்கு இன்சுலின் முடிஞ்சுது." மருந்து மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிரவு எங்களில் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

செய்நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், பிழை தெரியவில்லை. கடைசியில் விடை சொன்னது எங்கள் தமிழ் டீச்சர். "சேர், மெய்யில உயிர் வந்து ஏறினா புள்ளி நிக்குமா? தரம் ஆறுப் பிள்ளையும் சொல்லுமே." கணினிப் பாடம் படிப்பிக்கிற எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விஷயம் அவ்வளவுதான். 'வெருகல்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து, பைதன் கணக்கில் ஏழு குறி. கடைசிக் குறி புள்ளி. 'வெருகலில்', 'வெருகலுக்கு' என்று எழுதும்போது அந்த ல்-இன் புள்ளி போய் இகரமோ உகரமோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏழு குறியும் அதே வரிசையில் இல்லையென்றால் பைதனுக்கு அது வெருகல் இல்லை. பிறகு சோதித்தால் மூதூர், பூநகர், வட்டவன் எல்லாவற்றிலும் அதே கதை. கிண்ணியாவும் மாவடிச்சேனையும் இலங்கைத்துறையும் தப்பித்துவிட்டன. உயிரில் முடிகிற அந்தப் பெயர்களுக்குப் பின்னால் 'வில்', 'யில்' என்று ஒட்டினாலும் பெயர் குலையாது. ஈச்சிலம்பற்றும் உயிரில் முடிகிற பெயர்தான். ஆனால் அது குற்றியலுகரம், 'ஈச்சிலம்பற்றில்' என்றதும் உகரம் ஓடிவிடுகிறது!

திருத்தம் சின்னது. 'வெருகல்' என்பதற்குப் பதிலாகப் புள்ளியில்லாமல் 'வெருகல' என்று தேடினால் எல்லா வடிவமும் அகப்படும். அப்படியே 'மூதூர', 'ஈச்சிலம்பற்ற'. தம்பலகாமத்துக்கு 'தம்பலகாம'. வேண்டாத வரி ஒன்றிரண்டு கூட வரலாம், வரட்டுமே. வந்ததைக் கண்ணால் பார்த்துத் தள்ளலாம், வராததை எப்படிப் பார்ப்பது? தோப்பூரில் இன்னொரு சிக்கல். 'தோ'வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. வாசித்த வரியையும் தேடும் சொல்லையும் யூனிகோட் 'நார்மலைஸ்' செய்தால் தீரும்.

இவ்வளவு செய்தும் ஆங்கில எழுத்தில் தட்டிய ஊர்ப் பெயர்கள் நழுவின. குரல் செய்திகள் கோப்பில் சொல்லாகவே வராது. அவற்றை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துத்தான் கேட்டோம்.

அடுத்த மாரிக்கு முன் குரூப்பை மறுபடி திறக்கப் போகிறோம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். செய்தியின் முதல் சொல்லாக ஊர்ப் பெயரை மட்டும் தமிழில் தனியாகத் தட்டுங்கள், மிச்சத்தைப் பிறகு எழுதுங்கள். மருந்துத் தேவை என்றால் குரூப்பில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், எங்களில் ஒருவருக்கு கோலும் எடுத்துவிடுங்கள்.