நல்லா இழுக்குது

என் கொரோலா 121க்கு மஷ்ரூம் எயார் பில்டர் பூட்டிய பிறகு வண்டியின் இழுவை கூடிவிட்டது என்று ஏறத்தாழ மூன்று வருடமாகப் பலரிடம் சொல்லி வந்தேன். மனைவியிடம் சொன்னேன், கராஜ் பாஸிடம் சொன்னேன், அக்கா மகனிடம் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். ஆரம்பத்தில் நானும் அதை நம்பியதால் அந்தக் காலத்தைத் தள்ளிவிடலாம். மற்றதெல்லாம் தெரிந்தே சொன்ன பொய்.

பூட்டியது 2021இல். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. சொந்தப் பாவனைக்கு கார் இறக்க மறுபடி அனுமதி கிடைக்க 2025 பெப்ரவரி ஆனது. இடையில் பழைய கார்களுக்கு வந்த மவுசு சொல்லி முடியாது. வாங்கிய விலைக்கு மேலே தருகிறேன் என்று வாசல் வரைக்கும் ஆள் வந்தார்கள். ஆனால் விற்றுவிட்டு எதை வாங்குவது? ஆகவே இருந்ததை மினுக்கினோம். ஒருவர் லெதர் சீட் போட்டார், ஒருவர் அலோய் வீல் மாற்றினார். எனக்குச் சத்தம் வேண்டியிருந்தது.

இந்தச் சத்தப் பைத்தியம் எங்கே தொற்றியது என்று நன்றாகவே தெரியும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் என்று ஒன்று நடக்கும், 1934இல் தொடங்கியது. சின்ன வயதில் தாய்மாமா கூட்டிப் போய்க் காட்டினார். கார் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் உறுமல் மலைச்சரிவில் ஏறி வரும். கூட்டம் வாய் மூடி வளைவையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த உறுமல் பின்னால் சைலன்சரிலிருந்து மட்டும் வருவதில்லை, எஞ்சின் மூச்சு இழுக்கும் முன்பக்கத்திலிருந்தும் வருகிறது என்று மாமாதான் சொன்னார். அதைச் சொல்லித் தராமல் இருந்திருக்கலாம்.

121 அப்படிப்பட்ட சாதியே இல்லை. டியூஷன் மாஸ்டர்களும் வங்கி மனேஜர்களும் ஓட்டுகிற சாதுவான வண்டி. 1497 சீசீ எஞ்சின். சிக்னலில் நிற்கும்போது ஸ்டார்ட்டில் இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த அமைதியை டொயோட்டாக்காரன் சிரமப்பட்டுத்தான் உண்டாக்கியிருக்கிறான். நான் ஒன்பதாயிரம் ரூபா கொடுத்து அதைக் கழற்றி எறிந்தேன்.

கழற்றியது ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பொக்ஸ். உள்ளே கடதாசி பில்டர். முன் லைட் பக்கமாக அதற்கு ஒரு மூக்கு உண்டு, வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றை இழுப்பதற்கு. காற்று போகும் வழியில் ஒரு வெற்று அறையும் இருக்கும். எஞ்சின் மூச்சிழுக்கும் இரைச்சலை விழுங்குவதுதான் அதன் முழுநேர வேலை. கடைப் பையன் இது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு அலுமினியக் குழாயைப் பூட்டி, அதன் நுனியில் சிவப்புக் கூம்பு ஒன்றைக் கிளிப் போட்டு இறுக்கினான். “மாத்தயா, ஒரிஜினல்” என்றான். 1969இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அன்ட் என் கம்பனியின் பெயர் அதில் இருந்தது. எண்ணெய் தடவிய பருத்தி பில்டரை மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களிடம் விற்றுப் பெயரெடுத்தவர்கள் அவர்கள். என் கூம்பு அந்தக் கம்பனியின் வாசலைக்கூடக் கண்டதில்லை என்பது, எஞ்சின் சூட்டில் ஸ்டிக்கர் உரிந்து அதன் கீழே இன்னொரு கம்பனியின் ஸ்டிக்கர் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது. பழைய பொக்ஸை என்ன செய்ய என்று கேட்டான். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தால் திரும்பி ஹந்தானை ரோட்டில் ஏறியபோது மிதித்தேன். உறுமியது. மெய் சிலிர்த்தது என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆனால் சிலிர்த்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகவே காது மூளைக்குச் சொல்லும். சத்தத்துக்காகவே கால் இன்னும் கொஞ்சம் அழுத்தும். அழுத்தினால் எந்த வண்டியும் ஓடத்தானே செய்யும்? அந்த ஓட்டத்தை நான் பில்டரின் கணக்கில் எழுதினேன்.

உண்மையில் நடந்தது வேறு. மூக்கு போனதும் எஞ்சின் பொனட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கத் தொடங்கியது. பஸ் ஒன்றின் பின்னால் ஊர்ந்து ஏறும்போது அந்தக் காற்று என்ன சூட்டில் இருக்கும் என்று ஒருநாள் கராஜ் பாஸ் ஸ்கேனர் பூட்டிக் காட்டினார். வெளியே 25 பாகை. உள்ளே போகிற காற்று 60ஐத் தாண்டியிருந்தது. சூடான காற்று ஐதானது. அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் காற்றின் எடையில் பத்திலொரு பங்கு காணாமல் போகிறது. காற்று குறைந்தால் எரிக்கும் பெற்றோலும் குறையும், பலமும் குறையும். சூட்டைக் கண்டு எஞ்சின் கம்பியூட்டர் பயந்து இக்னிஷனையும் பின்னுக்குத் தள்ளும். கண்டி ஏற்கெனவே கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரம். 100 மீற்றருக்கு நூற்றிலொரு பங்கு என்கிற கணக்கில் இங்கே எந்த வண்டியும் கொழும்பில் இழுப்பதை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும். ஹந்தானைக்கு ஏற ஏற இன்னும் குறையும். காற்றுக்குப் பஞ்சமான மலையில் இருந்துகொண்டு, காசு கொடுத்து அந்தப் பஞ்சத்தைக் கூட்டிக்கொண்டவன் நான்.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். ஜன்னலோரம் கையை நீட்டிப் பார்த்தே இன்றைக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, கொழுந்து எத்தனை மணிக்கு வாடும் என்று சொல்லிவிடுவார். அவர் மகன் பொனட்டைத் திறந்து கையை வைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

அடுத்தது எயார்ப்ளோ சென்சர். இந்த எஞ்சினில் அது பொக்ஸின் மூடியிலேயே இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் சூடாக்கி வைத்து, கடந்து போகிற காற்று அதை எவ்வளவு ஆற்றுகிறது என்பதிலிருந்து காற்றின் எடையைக் கணிக்கும். 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெற்றோல் என்கிற கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கம்பி தன்னைச் சுற்றியுள்ள குழாயின் அகலத்தை மனதில் வைத்தே கணக்குப் போடும். கடைப் பையன் சென்சரை மாற்றிப் பூட்டிய அலுமினியக் குழாய் அதைவிட அகலம். அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். சென்சர் குறைத்து எண்ணும். பெற்றோல் குறைவாகத் தெளிக்கப்படும். மெதுவாக ஓடும்போது சைலன்சர் பக்கத்து ஒட்சிசன் சென்சர் இந்தப் பிழையைத் திருத்திவிடும். முழுக்க மிதிக்கும் நேரத்தில், அதாவது நான் ஆசைப்பட்ட அந்த நேரத்தில்தான், அதன் பேச்சு எடுபடாது.

போதாததற்கு நான் கூம்பைக் கழுவி, கூடவே வந்த சிவப்பு எண்ணெயை அதன் மடிப்பு மடிப்பாக ஊற்றினேன். கொஞ்சம் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைக்க வேண்டும் என்று போத்தலிலேயே எழுதியிருந்தது. தலைக்கு நல்லெண்ணெய் வைப்பதைப் போல வைத்தேன். மிஞ்சிய எண்ணெயைக் காற்று இழுத்துப் போய் அந்தக் கம்பியில் பூசியது, அதன் மேல் தூசி ஒட்டியது. வண்டி திக்கத் தொடங்கியது, எஞ்சின் லைட் எரிந்தது. பாஸ் சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எண்ணெய் போட்டீங்களா அண்ணே?” என்றார். இல்லை என்றேன். விரலில் பட்ட சிவப்பை அவர் துணியில் துடைத்துக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

இதற்கிடையில் 2022 வந்தது, பெற்றோல் தட்டுப்பாடும் வந்தது. ஜூலையிலிருந்து கியூ.ஆர். அட்டை; தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர். மனைவி தாதி. இரவு டியூட்டிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர அந்த 20 லீற்றர் தாராளமாகப் போதும், மனிதன் மாதிரி ஓட்டினால். நானோ அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறும் ரோட்டில் உறுமிக்கொண்டு வருவேன். வாரம் முடிவதற்குள் டாங்க் காய்ந்துவிடும். மிச்ச நாட்களில் அவள் த்ரீவீல்காரரைக் கெஞ்சிப் போனாள். “பில்டர் போட்டா எண்ணெய் மிச்சமாகும்னு சொன்னீங்களே” என்று கேட்டாள். பெற்றோலில் கலப்படம் என்றேன். நாடு முழுக்கப் பெற்றோலைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. என் பொய்க்குத் தனியாகச் சாட்சி தேவைப்படவில்லை.

லயத்துப் பக்கம் ஒரு பாட்டி ஒருநாள் சொன்னார்: “தம்பி, ஒங்க கார் சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு மணி பத்தாச்சின்னு தெரியுது.” நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். விடியக் கொழுந்துக்குப் போகிறவர்கள் பத்து மணிக்கு எந்த நிலையில் இருப்பார்கள் என்பது லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா?

புகைப் பரிசோதனைக்கு நாள் வந்தது. 2008இலிருந்து அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த லைசன் எடுக்க முடியாது. ஐடிலிலும் 2500 சுற்றிலும் கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோலையும் அளப்பார்கள். எஞ்சின் லைட் எரிகிற வண்டியோடு போகப் பயம். பக்கத்து வீட்டு டீச்சரிடமும் 121தான். என் பொக்ஸ் வெடித்துவிட்டது, புதிது வரும்வரை உங்களுடையதைத் தருவீர்களா என்று கேட்டேன். பாவம், அவர் இரண்டு நாள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார். பாஸ் பொக்ஸைப் பூட்டி, சென்சரையும் கழுவிப் போட்டார். பரிசோதனையில் ஒரு சிக்கலும் இல்லை.

திரும்பி வரும்போதுதான் மாட்டிக்கொண்டேன். தேயிலை நூதனசாலைக்குப் போகிற ஏற்றம் கண்டியில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலைதான் 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் லொறிகள் முதல் கியரில் முக்கி ஏறிய ரோடு. மஷ்ரூமோடு நான் அங்கே ஒரு வளைவில் தவறாமல் இரண்டாம் கியருக்கு இறங்குவேன். டீச்சரின் பொக்ஸோடு வந்தபோது கை தானாகவே கியருக்குப் போனது. ஆனால் வண்டி மூன்றிலேயே ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் ஏறியது. சென்சர் கழுவியதால் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மேலே போய்த் திருப்பி மறுபடி இறங்கி, மறுபடி ஏறினேன். மூன்றிலேயே.

மறுநாள் பொக்ஸைக் கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டு மஷ்ரூமைத் திரும்பப் பூட்டினேன். நான் ஒப்புக்கொள்ள வந்தது இந்த இடத்தைத்தான். அதுவரைக்கும் ஏமாந்தவன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆசைப்பட்டவனைக் கடைக்காரன் ஏமாற்றுவது புதினமில்லை. வளைவில் கை வைத்துத் தெரிந்துகொண்ட பிறகும் பூட்டியவனை யார் ஏமாற்றினார்கள்? பொக்ஸ் வாங்கக் காசில்லை என்றும் சொல்ல முடியாது. சத்தத்தை விட மனமில்லை. அதைவிட, இத்தனை பேரிடம் சொன்ன பிறகு பொனட்டைத் திறந்து காட்ட முகமில்லை.

2023இல் அக்கா மகன் வந்தான். கொழும்பில் வேலை, சொந்தக் காசில் வாங்கிய எப்.பி.15 சனி கார். “மாமா, ஒங்களுக்கு மஷ்ரூம் எப்படி இருக்கு?” என்றான். டீச்சரின் பொக்ஸ் என் கண்முன் வந்தது. “நல்லா இழுக்குதுடா” என்றேன். எந்தக் கடை என்றும் சொன்னேன். பூட்டிய பிறகு ஒரு தடவை போன் எடுத்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குகிறது என்றான். பிளக்கைப் பார் என்றேன். பாவி நான், அவன் நாலு பிளக்கையும் மாற்றினான்.

மாற்றுக் கருத்தும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பந்தயக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கூம்பை மூடிய பெட்டிக்குள் வைத்து, வெளியிலிருந்து குளிர்காற்றுக்குத் தனிக் குழாய் கொடுத்து, சென்சரின் கணக்கையும் கம்பியூட்டரில் திருத்தினால் உயர் சுற்றில் கொஞ்சம் பலன் கிடைக்கத்தான் செய்யும். மகாகஸ்தோட்டயில் ஓடுகிறவர்கள் செய்வது அதைத்தான். நான் போனது டவுனுக்குக் கத்தரிக்காய் வாங்க.

இப்போது என் காரில் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய பொக்ஸ் இருக்கிறது. மஷ்ரூம் வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு. 2025இல் அக்கா மகன் வந்து பொனட்டைத் திறந்துவிட்டு, “ஏன் மாமா கழட்டிட்டீங்க?” என்றான். அந்த வருடத் தொடக்கத்தில் பொலிஸார் பஸ்களிலும் த்ரீவீல்களிலும் மேலதிகமாகப் பூட்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வசதியாகப் போனது. “பொலிஸ் பிடிக்கிறாங்கடா” என்றேன். அதுவும் பொய்.

ஆகவே தம்பி, இதை நீ படித்தால்: உன் சனிக்கும் பஞ்சிகாவத்தையில் பொக்ஸ் கிடைக்கும். மூடியின் கிளிப்புகள் உடைந்திருக்கிறதா என்று பார். முன்பக்க மூக்கு இல்லாமல் விற்கப் பார்ப்பார்கள், அதையும் கேட்டு வாங்கு. அது இல்லாவிட்டால் மறுபடி பொனட் காற்றைத்தான் இழுக்கும். காசு நான் தருகிறேன். பிளக் காசும்.