ஓஃபிருக்குப் போகும் வழி

டென்வர் பக்கத்து வீடுகளுக்குக் கீழே பேஸ்மென்ட் இருக்கும். துணி துவைக்கும் மெஷின், வெந்நீர் பாய்லர், யாரும் உட்காராத பழைய சோபா, பெரும்பாலும் இவ்வளவுதான். சில வீடுகளில் மட்டும், படி இறங்கி விளக்கைப் போட்டால் எதிரே ஒரு மலைத்தொடர் நிற்கும். நெஞ்சு உயரத்தில் பள்ளத்தாக்கு, கண் உயரத்தில் மரப்பாலம், சுவர் முழுக்கத் தீட்டிய செப்டம்பர் மாத வானம். பாலத்தின் மேல் ஒரு சாண் நீள நீராவி இஞ்சின் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

கொலராடோவை விட்டு மதுரைக்குத் திரும்பிய பிறகு நான் பனியைத் தேடவில்லை, அகலமான சாலைகளையும் தேடவில்லை. மனசு தேடுவது அந்த பேஸ்மென்ட்களைத்தான். முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் திறந்து, "கீழே வாருங்கள், ரயில் தயாராக இருக்கிறது" என்று அழைத்துப்போன அந்தக் காலை நேரங்களைத்தான்.

நவம்பர் மாதத்தை அங்கே மாடல் ரயில் மாதம் என்பார்கள். பலர் அந்த மாதத்துச் சனி, ஞாயிறுகளில் வீட்டைப் பார்வைக்குத் திறந்து வைப்பார்கள். கையில் முகவரிப் பட்டியலோடு ஒரே மாதிரியான தெருக்களில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால், ஏதோ ஒரு வீட்டுப் புல்தரையில் சின்னதாக ஒரு லெவல் கிராஸிங் பலகை நட்டிருக்கும். அதுதான் வீடு. கட்டணம் கிடையாது, சிபாரிசு வேண்டாம். செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே போகலாம்.

நான் அதிகம் தேடிப் போனது நேரோ கேஜ் வீடுகளுக்கு. அதற்கு அந்த மாநிலத்தின் சரித்திரமே காரணம். 1871இல் வில்லியம் பாமர் என்பவரின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே கம்பெனி டென்வரிலிருந்து தெற்கே மூன்றடி அகலத்தில் தண்டவாளம் போடத் தொடங்கியது. மலையைக் குடைவதைவிட மலையோடு வளைந்து போவது மலிவு. அகலம் குறையக் குறைய வளைவைக் கூர்மையாக்கலாம். வெள்ளியும் தங்கமும் நிலக்கரியும் எடுத்த சுரங்க ஊர்கள் பலவற்றுக்கும் அந்த மூன்றடிப் பாதைதான் போய்ச் சேர்ந்தது.

அவற்றுள் என்னைப் பிடித்துக்கொண்டது ரியோ கிராண்டே சதர்ன். ஓட்டோ மியர்ஸ் போட்ட பாதை. ரிட்ஜ்வே முதல் டுராங்கோ வரை 162 மைல். 1891 முடியும்போது பாதை முழுமையானது. 1893இல் வெள்ளி விலை சரிந்தது. பிறந்த இரண்டு வருஷத்துக்குள் கடனில் விழுந்த அந்த ரயில்வே, அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் விடாமல் ஓடியது. நீராவி இஞ்சினுக்குச் செலவழிக்கக் காசில்லாதபோது, 1931 முதல் பழைய பியூக், பியர்ஸ் ஆரோ கார்களின் உடலை எடுத்து, ரயில் சக்கரத்தில் ஏற்றி, பின்னால் ஒரு சரக்குப் பெட்டியையும் இணைத்து, அதில் தபாலையும் ஆட்களையும் கொண்டுபோனார்கள். 'கேலப்பிங் கூஸ்' என்று பெயர் வாங்கிய வண்டி அது. கோல்டன் நகரத்து ரயில் அருங்காட்சியகத்தில் மூன்றை இன்றும் பார்க்கலாம். ஏழ்மையில் இத்தனை பிடிவாதம் காட்டிய ரயில்வேயை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1951இல் அதுவும் நின்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்.

டுராங்கோவிலிருந்து சில்வர்டனுக்கு 45 மைலும், கம்பிரஸ் கணவாய் வழியாக 64 மைலும் மூன்றடிப் பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டிலும் போயிருக்கிறேன், கரிப்புகை சட்டையில் ஒட்டியது. ஆனால் ரியோ கிராண்டே சதர்ன் பாதையில் இருந்த ஓஃபிர் ஊரின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற மரப்பாலங்களில் ரயில் வளைந்து ஏறுவதைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குப் போய்ப் பயனில்லை. அங்கே ரயில் வந்த தடம்தான் இருக்கிறது. ஓஃபிருக்கு ரயிலில் போக இன்று ஒரே வழி, யாரோ ஒருவருடைய வீட்டுப் படி.

அப்படி ஒரு வீடு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். 87இல் ஒரு பங்கு அளவில் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அளவில் மூன்றடிப் பாதையின் அகலம் பத்தரை மில்லிமீட்டர். தண்டவாளத்தைக் கடையில் வாங்கவில்லை. சிலீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி, சாயம் ஏற்றி, ஒட்டி, அதன்மேல் கம்பியை வைத்துக் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஆணிகளை அறைந்திருந்தார். பாதையோரத்து மண், உண்மையான லிசர்ட் ஹெட் கணவாயில் அள்ளி வந்து மாவுச் சல்லடையில் சலித்தது. "நிறம் கலக்க வேண்டியதில்லை, சரியான நிறம் அங்கேயே கிடக்கிறது" என்றார். ஆஸ்பென் மரங்கள், காய்ந்த களைச்செடியின் நுனியில் மஞ்சள் தூள் தூவிச் செய்தவை. அவருடைய லேஅவுட்டில் எப்போதும் செப்டம்பர்தான், எப்போதும் 1941தான்.

ஒரு கணக்குச் சொன்னார். 162 மைலையும் அந்த அளவில் அப்படியே சுருக்கினாலும் மூன்று கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? ஆகவே எதை விடுவது என்பதுதான் கலை. ஒரு சமவெளியை விடலாம், ஒரு சிற்றூரை விடலாம். ஓஃபிரின் வளைவை விட முடியாது. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பாறையை நிறுத்தி, ரயிலைச் சில விநாடிகள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால், வெகுதூரம் போய்விட்டது என்று நம் மனசே நிரப்பிக்கொள்ளும்.

வேறொரு வீட்டில் ஓர் அம்மா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இதற்கு நேர்மாறான முடிவை எடுத்திருந்தார். 48இல் ஒரு பங்கு அளவு, ஒரே ஓர் ஊர்: அதே பாதையின் ரீகோ. ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, கரிமேடை, யார்டு. ரயில் திரைக்குப் பின்னாலிருந்து வரும், வேலையை முடிக்கும், போகும். ஸ்டேஷன் சுவரின் பலகைகளைத் தனித்தனியாக அறுத்து, வெயில்பட்ட பக்கத்தை மட்டும் வெளுக்க வைத்திருந்தார். இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். ஓர் இடத்தை முழுசாகத் தெரிந்துவைத்திருப்பதற்கு ஈடு கிடையாது.

ஓட்டவும் கொடுப்பார்கள். த்ராட்டிலைக் கையில் வைத்துவிட்டு, "பதினைந்து மைலுக்கு மேல் போகாதீர்கள்" என்பார்கள். விசில், அடைப்பானின் தடதடப்பு, ஏற்றத்தில் திணறும் மூச்சு எல்லாம் இஞ்சினுக்குள் வைத்த சில்லிலிருந்து வரும். அந்த வேகத்தில் ரயிலோடு கூடவே நடந்துபோனால் பேச்சு தானாக வரும். ரயிலைப் பற்றி ஆரம்பிக்கும். அப்பா கூட்டிப்போன கடைசிப் பயணம், இறந்துபோன மனைவி வரைந்து கொடுத்த வானம் என்று எங்கெங்கோ போகும். மேலே சமையலறையில் காபியும் பிஸ்கட்டும் தயாராக இருக்கும்.

மூன்றடி என்பது 914 மில்லிமீட்டர். நான் வளர்ந்த மீட்டர் கேஜைவிட 86 மில்லிமீட்டர்தான் குறைவு. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் பாதையில், மலை இடுக்கில் வளைந்து வளைந்து, கழுதுருட்டியின் பதிமூன்று வளைவுப் பாலத்தின் மேல் போன அந்தச் சின்ன ரயில் 2010இல் நின்றது. 2018இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. வந்ததே பெரிய விஷயம், ஊருக்கு நல்லது. ஆனாலும் ஓஃபிர் பாலத்தின் முன் நான் அவ்வளவு நேரம் நின்றதற்கு அந்த ரயிலும் காரணம். அதை இப்படி மண் சலித்து, பலகை அறுத்து வீட்டுக்குள் கட்டி வைத்தவர் யாரையும் நான் இங்கே சந்திக்கவில்லை. நம் வீடுகளில் பேஸ்மென்ட் இல்லை என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இந்த லேஅவுட்களுக்கு ஆயுள் குறைவு. வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. வீடு கைமாறினால் கூடவே போகாது. ரம்பம் போட்டு அறுத்தால் இஞ்சின்களும் கட்டடங்களும் மிஞ்சும், மலை மிஞ்சாது. கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் இருபது வருஷத்துக்கு மேல் கட்டிய மலைநாடு உலகப் புகழ் பெற்றது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து அதுவும் போனது. எத்தனையோ பேரை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்துவந்த லேஅவுட் இன்று படங்களில் மட்டும் இருக்கிறது. படத்தில் எல்லாம் தெரியும், குனிந்து பாலத்தின் அடியில் எட்டிப் பார்ப்பது மட்டும் நடக்காது. நான் போன வீடுகளில் சிலவும் இப்போது விற்றாகிவிட்டன. ரீகோ இருந்த அறையில் உடற்பயிற்சிக் கருவிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஸ்டேஷன் கட்டடத்தை அந்த அம்மாவின் நண்பர் ஒருவர் வாங்கித் தன் லேஅவுட்டில் வைத்துக்கொண்டார் என்பதில் ஓர் ஆறுதல்.

ஓஃபிரைக் கட்டும் பள்ளி ஆசிரியர் எனக்கு இன்னும் கடிதம் எழுதுகிறார். கை நடுங்குகிறதாம், ஆணி அடிக்கும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பதினைந்து வயதுப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறாளாம். ட்ரவுட் லேக்கைத் தாண்டி லிசர்ட் ஹெட் உச்சி வரை பாதை போட்டாகிவிட்டது. இறக்கம் அடுத்த குளிர்காலத்தில். போன கடிதத்தில், மதுரையிலிருந்து டென்வருக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தார். விசாரித்து எழுதியிருக்கிறேன்.